மலைமேல் கால் ஊன்றிய அக்கா

எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் ஒரு வருஷம் நிறைகிறது. ஆண்டுத் திதிக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் சிநேகிதர்களுக்கும் தம்பியாகிய நான் வணக்கம் சொல்லிக்கொள்கிறேன். எனக்கு எழுத அதிகம் வராது. அஞ்சாவது வரைதான் படித்தேன். அக்காவின் பிள்ளைகள் இருவரும், "நீங்கதான் மாமா எழுதணும். அந்த ஏரோப்ளேன் சமாச்சாரம் உங்களுக்குத்தான் தெரியும்" என்றார்கள். எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் உள்ள எங்கள் ஊரில். எங்கள் அப்பாவை நைனா என்போம். நைனாவுக்கு மானாவாரி நிலம். வேர்க்கடலை போடுவார். அக்கா மூத்தவர். அடுத்துப் பிறந்த பிள்ளை கக்குவான் இருமலில் போய்விட்டது. அக்கா பக்கத்தில் இருந்து பார்த்தவர். இருமி இருமி முகம் நீலமாகி, உள்ளே இழுக்கிற மூச்சு வராமலே நின்றுவிட்டது என்று பிற்பாடு ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்கப்புறம் பிறந்தவன் நான்.

ஆந்திரா தனியாகப் பிரிந்து, எங்கள் பக்கத்து ஊர்கள் அங்கேயா இங்கேயா என்று இழுபறியாக இருந்த வருஷங்கள் அவை. கடைத்தெருவில் ஊர்வலம் போகும். பள்ளிக்கூடத்துச் சுவரில் ஒரு நாள் தமிழில் எழுதியிருக்கும், மறுநாள் அதை அழித்துத் தெலுங்கில் எழுதியிருக்கும். தமிழ் வாத்தியார் மாற்றலாகிப் போனார். அக்காவின் படிப்பு அதோடு சரி. அந்தச் சமயத்தில்தான், நாலு வயசில், எனக்கும் கக்குவான் வந்தது.

கழுதைப்பால் கொடுத்தார்கள். மந்திரித்தார்கள். நிற்கவில்லை. புத்தூரில் ஒரு கம்பவுண்டர் நைனாவிடம், "சீமையில இந்த இருமலுக்குப் புள்ளைங்கள ஏரோப்ளேன்ல ஏத்தி உசரத்துக்குக் கொண்டுகினு போறாங்களாம். அந்தக் காத்துக்கு நின்னுடுதாம்" என்று சொன்னார். ரேணிகுண்டா பக்கம் ஒரு வெட்டவெளியில் சின்ன ஏரோப்ளேன் ஒன்று வந்து, ஜனங்களை ஏற்றிச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தது. நைனா ஜோடி மாட்டில் ஒன்றை விற்றார்.

அம்மா அப்போது வாயும் வயிறுமாக இருந்தார். "நான் வரமாட்டேன். ஒண்ண மண்ணுல போட்டேன். இன்னொண்ண ஆகாசத்துலயா வுடறது?" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். என்னை யார் பிடித்துக்கொள்வது என்று நைனா நின்றார்.

"நான் தூக்கிக்கினு போறேன்" என்றார் அக்கா. அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயசுதான் இருக்கும்.

ஏரோப்ளேனைக் கிட்டே போய்ப் பார்த்தோம். முன்னால் ஒரு காற்றாடி. அதை ஓர் ஆள் கையால் பிடித்துச் சுற்றிவிட வேண்டும். நைனா அதன் வயிற்றைத் தட்டிப் பார்த்தார்.

"அடப் பாவி, துணிடா இது! துணியிலயே தச்சு வச்சிகினு இருக்கான்."

ஓட்டுகிறவர் தெலுங்குக்காரர், சின்ன வயசு. நைனா அவரைக் கும்பிட்டு, "கொண்ட மீதிக்கி போவத்து சாமீ" என்றார். மலைமேல் போக வேண்டாம் என்று அர்த்தம். எங்கள் குடும்பத்தில் திருமலையே சாமி. அடிவாரத்து அலிபிரியில் செருப்பை விட்டுவிட்டு, முதல் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் ஏறுவோம். மேலே இருந்து அதன் தலைமேல் கால் படுவது என்றால் நினைக்கவே பயம். ஓட்டுகிறவர் சிரித்துக்கொண்டே "சரே, சரே" என்றார். நைனாவுக்கு மனசு ஆறவில்லை. கோயிலுக்குள் நுழைகிறவர் போலச் செருப்பைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு ஏறினார்.

நைனா முன்னால், ஓட்டுகிறவர் பக்கத்தில். அக்கா பின்னால். அம்மாவின் பழைய புடவையால் என்னைத் தன் வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். காற்றாடி சுற்றியதும் உடம்பில் உள்ள எலும்பெல்லாம் ஆடியது. பெட்ரோல் நாற்றம். கதவு இடுக்கில் காற்று ஊளையிட்டது. ஓடி, குதித்து, திடீரென்று ஆட்டம் நின்றது. கீழே தரை இல்லை. என் முதுகில் அக்காவின் நெஞ்சு அடித்துக்கொண்டது இன்னும் எனக்கு மறக்கவில்லை.

"கண்ண மூடிக்கடா. ஒண்ணுமில்ல, மாட்டுவண்டிதான் இது" என்றார்.

மேலே போகப் போகக் குளிர். காது அடைத்துவிட்டது. சந்திரகிரிக் கோட்டை உள்ளங்கை அளவில் தெரிந்தது. அங்கே திரும்பும்போது காற்று பிடித்துத் தள்ளியது. சிவப்புப் பாறையும் காடுமாக மலை எங்களுக்கு நேர் கீழே வந்துவிட்டது.

"நைனா! மலை! கீழ மலை வந்துடுச்சி!"

அக்கா சட்டென்று இரண்டு காலையும் தூக்கி ஆசனத்தில் மடக்கிக்கொண்டார். நைனாவும் காலைத் தூக்கினார். அவர் முழங்கால் எதிலோ போய் இடித்தது. ஓட்டுகிறவர் முதல் தடவையாகக் கத்தினார்: "காலு திய்யய்யா! செய்யி பட்டுக்கோ, காலு காது!" காலை எடு, கையால் பிடித்துக்கொள், காலால் இல்லை என்றாராம். நைனா கண்ணை மூடிக்கொண்டு "கோவிந்தா, கோவிந்தா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அப்போது எனக்கு இருமல் வந்தது.

இருமினேன். நிற்கவில்லை. உள்ளே மூச்சு இழுக்க முடியவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. அக்கா கத்தினாராம், இரைச்சலில் நைனாவுக்குக் கேட்கவில்லையாம். ஏரோப்ளேன் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. காலை மடக்கி உட்கார்ந்திருந்த அக்கா என்னோடு சேர்ந்து கதவுப் பக்கம் சரிந்தார். என்னைத் தூக்கிக் குப்புறப் போட்டுத் தட்ட வேண்டும். அதற்குக் கால் ஊன்ற வேண்டும். கீழே மலை.

அக்கா காலை ஊன்றினார்.

இரண்டு காலையும் அழுத்தி ஊன்றி, புடவைக் கட்டை அவிழ்த்து, என்னைத் தொடைமேல் குப்புறப் போட்டு முதுகில் அடித்தார். கோழை வாயில் வந்தது. விரலை விட்டு எடுத்தார். சேவல் கூவுகிற மாதிரி சத்தத்தோடு எனக்கு மூச்சு திரும்பியது. அதற்கப்புறம் இறங்கும்வரை நைனா என்னையே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

இறங்கினோம். நைனாவின் செருப்பு காற்றாடிக் காற்றில் எங்கேயோ போய்விட்டது. யாரும் தேடவில்லை. ஊருக்குப் போகும் வழியில் அக்கா, "நைனா, அலிபிரிக்குப் போயிட்டுப் போலாம்" என்றார். முதல் படியில் நெற்றியை வைத்தவர் எழுந்திருக்கவே இல்லை. நைனாதான் தூக்கிவிட்டார். "புள்ளைக்காக வச்ச கால்தானே. சாமிக்குத் தெரியும், வா" என்றார்.

ஊரில் நைனாவைச் சூழ்ந்துகொண்டார்கள். ஊருக்கெல்லாம் அப்போது எல்லைப் பேச்சுதான். "மேல இருந்து பார்த்தியே மாமா, கோடு எங்க போவுது? நம்ம ஊரு எந்தப் பக்கம் வருது?" என்று கேட்டார்கள்.

"புள்ள மூச்சு வுடுதான்னு பார்த்துக்கினு இருந்தேன். போங்கடா" என்றார் நைனா.

இருமல் சில வாரம் கழித்து நின்றது. ஏரோப்ளேனால் என்றார் அம்மா. ஏழுமலையானால் என்றார் நைனா. நாள் ஆனால் அதுவே போகும் என்று வேறொரு டாக்டர் சொன்னார். எனக்குத் தெரியாது.

அக்காவைத் தடாவில் கட்டிக்கொடுத்தோம். அக்கா வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். சீக்கிரமே போய்விட்டார். ரோட்டோரம் இட்லிக் கடை போட்டு அக்கா இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கினார். யார் பசி என்று வந்தாலும் தட்டு வைப்பார். கஷ்டத்தை யாரிடமும் சொல்லமாட்டார். வருஷம் தவறாமல் அலிபிரியிலிருந்து நடந்தே ஏறுவார். முழங்கால் போன பிறகும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். என்ன வேண்டுதல் என்று கேட்டவர்களிடம், "பழசு ஒண்ணு இருக்குது" என்பார். ஏரோப்ளேன் சத்தம் கேட்டால் கடையில் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார். அது போகும்வரை நிற்பார்.

கடைசியில் அவருக்கும் மூச்சுதான். திருப்பதி ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். மூக்குக் குழாயில் மூச்சு கொடுக்கிற இயந்திரம் இரைந்துகொண்டே இருந்தது. சாயங்காலம் கண் திறந்தார். ஜன்னலில் மலை தெரிந்தது.

"டேய், மலை வந்துடுச்சா?"

"வந்துடுச்சிக்கா" என்றேன்.

"என் கால எடுத்துக்கோ. பயமா இருக்குது."

கட்டில்மேல் உட்கார்ந்து அவர் இரண்டு காலையும் என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

"கீழ வுடமாட்டியே?"

"வுடமாட்டேன்."

மூச்சு ஒரு தடவை நின்று திரும்பியது. மறுபடி நின்றது. திரும்பும் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

அக்காவின் கடையில் பாத்திரம் தேய்த்ததிலிருந்து கடைசி வரை கூட இருந்த பெண்களுக்கும், பாடையைத் தூக்கிய தடா லாரிக்காரர்களுக்கும், சத்தியவேட்டுச் சம்பந்திகளுக்கும், சமையலுக்கு நின்ற எங்கள் ஊர்ப் பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நோயாளியின் கட்டிலில் உட்காரக்கூடாது, இறங்குங்கள் என்று என்னிடம் சொல்ல வந்து, அக்காவின் காலைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போன நர்சம்மா எந்த ஊர் என்று தெரியவில்லை. அவருக்கும் நன்றி. எல்லாம் முடிந்துவிட்டது என்று அவர் திரும்பி வந்து சொல்லும்வரை நான் காலைக் கீழே விடவில்லை.