எவர்சில்வர் தட்டின் தோல்

அந்தத் தட்டை ஸ்டோர்க்கார அக்கா என் பட்டறை மேசையில் வைத்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. குரங்கணிக்கு மேலே, தோட்டக்காரர்கள் கொண்டுவரும் பச்சை ஏலக்காயைக் கூலிக்கு உலர்த்திக் கொடுக்கும் ஸ்டோரை நடத்துபவர் அவர். பழைய இரும்புத் தட்டுகளைத் தூக்கிப்போட்டுவிட்டு, போடியில் என்னிடம்தான் எவர்சில்வர் வலைத்தட்டுகள் செய்து வாங்கிப் போயிருந்தார். அவற்றில் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு முதல் ஜீப்பிலேயே இறங்கி வந்துவிட்டார். தட்டு முழுக்க அம்மை போட்டதுபோலப் பழுப்புப் புள்ளிகள்.

“எவர்சில்வருன்னுதான தம்பி குடுத்த? எவர்சில்வரு துருப்பிடிக்குமா?”

கத்தியிருந்தால்கூடத் தேவலை. அமைதியாகக் கேட்டார். சீசனின் முதல் லோடிலேயே காயில் கறை ஏறியிருந்தது. கறை பட்ட காயை ஏல மையத்தில் யார் சீந்துவார்கள்? “இன்னொரு லோடு இப்பிடி ஆச்சுன்னா ஒருத்தரும் என் ஸ்டோருக்குக் காய் கொண்டாரமாட்டாக. பூட்டிட்டு நானும் கூலிக்குக் காய் பறிக்கப் போகவேண்டியதுதான்” என்றார்.

தகடு விற்றவன்தான் என்னை ஏமாற்றிவிட்டானோ என்று மனதுக்குள் அவனைத் திட்டிக்கொண்டே, எப்படிக் கழுவினீர்கள் என்று கேட்டேன். அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “ஆயுத பூசைக்கு வெளக்காமயா வைப்பேன்? கம்பி பிரஷ்ஷப் போட்டுக் கை கடுக்கத் தேச்சேன்.” எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மலையில் எல்லா ஸ்டோரிலும் பூசைக்கு முன்னால் நடப்பதுதான் அது. இரும்புத் தட்டுகளை வருஷக்கணக்காகத் தேய்த்த அதே பிரஷ். அதில் ஒட்டியிருந்த இரும்புத் துகளெல்லாம் புதுத் தட்டில் அப்பிக்கொண்டு, மலைப் பனியில் துருவேறிவிட்டது. சுத்தம் பார்த்ததால் வந்த வினை.

அன்றைக்கே எலுமிச்சை உப்பை, அதாவது சிட்ரிக் ஆசிட்டை, மூட்டையாக வாங்கிக்கொண்டு அவரோடு மேலே போனேன். காய் ஊறவைக்கும் தொட்டியில் வெந்நீர் விட்டு, உப்பைக் கரைத்து, தட்டுகளை முக்கினோம். ஊறியதும் தேங்காய் நாரால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசிக் காற்றாட நிறுத்தினோம். புள்ளிகள் போய்விட்டன. “இனி என்ன பூசணும்?” என்றார் அக்கா. எதுவும் வேண்டாம் என்றேன். எவர்சில்வரில் குரோமியம் கலந்திருக்கிறது. காற்றுப் பட்டதும் அது மேலே தானாக ஒரு தோலைக் கட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் தோல்தான் துருவைத் தடுக்கிறது. கீறல் விழுந்தாலும் அந்த இடத்தில் மறுபடி கட்டிக்கொள்ளும் என்று சொன்னேன். பாலிடெக்னிக்கில் படித்து எழுதிப் பாஸான சங்கதிதான். அக்கா தட்டைத் தடவித் தடவிப் பார்த்தார். “இப்பவுமா கட்டிக்கிட்டு இருக்கு?” என்று அவர் கேட்டபோதுதான், எத்தனை பெரிய அதிசயத்தைச் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது.

தட்டுகள் மறுபடி துருப்பிடிக்காது என்பதைத் தோட்டக்காரர்கள் நம்பவில்லை. வாசலில் நின்று முணுமுணுத்தார்கள். அக்கா கீழே கிடந்த வெங்கச்சங்கல் என்கிற கெட்டியான வெள்ளைக் கல் ஒன்றை எடுத்து, புதுத் தட்டின் நடுச்சட்டத்தில் ஓங்கி ஒரு கீறு கீறினார். ஆழமான கீறல். அந்தத் தட்டை வாசல் ஆணியில் மழை படும்படி மாட்டினார். “நனையட்டும். இந்தக் கீறல் செவந்துச்சுன்னா உங்க காய நீங்க அள்ளிட்டுப் போங்க” என்றார். தோலைப் பற்றிப் பேசியவன் நான். அதை நம்பிப் பிழைப்பையே ஆணியில் மாட்டியவர் அவர். அந்தத் துணிச்சலை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. மழை கொட்டிய நாளெல்லாம் எனக்குச் சோறு இறங்கவில்லை. கீறல் சிவக்கவில்லை. தோட்டக்காரர்கள் ஒவ்வொருவராக மறுபடி காய் லோடு கொண்டுவர ஆரம்பித்தார்கள்.

இந்த சீசனிலும் போயிருந்தேன். அக்காவுக்குத் தலை நரைத்துவிட்டது. எத்தனையோ மழை பார்த்துவிட்ட அந்தக் கீறல் வெள்ளிக் கோடாக அப்படியே மின்னுகிறது. விரலால் தொட்டபடி நெடுநேரம் நின்றுவிட்டேன் போலிருக்கிறது. உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது.

“அங்ஙன என்ன தம்பி பாக்குற? அது சோலிய அது பாத்துக்கிரும். லோடு வந்துருச்சு, வெரசா வந்து ஒரு கை புடி.”