ஏழாவது பாட்டை எடுத்துவிடுங்கள்

என்னைப் பிடிக்காத பாடகர்கள் தமிழ்நாட்டில் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். பெரிய ஆட்கள் யாருமில்லை. பெரிய ஆட்களின் பாட்டைப் பற்றி நான் எழுதுவதில்லை, அதற்கு ஊரே இருக்கிறது. படக் கம்பெனியோ இசை நிறுவனமோ பின்னால் இல்லாமல், படுக்கையறையில் எதிரொலி அடங்க மெத்தையைச் சுவரோடு சாய்த்துவைத்துப் பதிவுசெய்து, தாங்களே இணையத்தில் ஏற்றிவிடுகிறார்களே, அவர்களுடைய ஆல்பங்களுக்குத்தான் நான் விமர்சனம் எழுதுகிறேன். ஓர் இணைய இதழில் வாராவாரம் வருகிறது. ஆல்பம் எதுவும் வராத வாரத்தில் குறும்படம், ஒலிக்கதை, மேடை நகைச்சுவை என்று கிடைத்ததை எழுதுவேன்.

பிடிக்காமல் போனதற்குக் காரணம் என்னுடைய கடைசிப் பத்தி. எந்த ஆல்பமானாலும் அதிலிருந்து ஒரு பாட்டை எடுத்துவிடச் சொல்லித்தான் முடிப்பேன். ஆஹா ஓஹோ என்று மேலே எழுதியிருந்தாலும் சரி, கீழே வந்து ஒன்றைக் கழித்துவிடுவேன். தனியாக ஆல்பம் போடுகிறவருக்கு 'இது வேண்டாம்' என்று சொல்ல ஆள் கிடையாது. கம்பெனி என்றால் எவனாவது ஒருத்தன் குறுக்கே வந்து நிற்பான். இவர்களுக்கு இருப்பது நண்பர்கள். அவர்கள் 'செம மச்சான்' என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். ஆகவே அந்தப் பொல்லாத வேலையை நான் எடுத்துக்கொண்டேன். 'நல்ல முயற்சி' என்ற சொல்லை நான் எழுதியதே இல்லை. சரியாகக் கேட்காதவர்கள் தப்பித்துப்போகிற சந்து அது.

வீடு சதுரங்கப்பட்டினத்தில். வேலை செங்கல்பட்டில், ஒரு கல்லூரி அலுவலகத்தில். திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில்தான் எல்லா ஆல்பத்தையும் கேட்பேன். பஸ்காரர் தன் பங்குக்கு ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டை அலறவிடுவார். அதற்காகவே காதை முழுசாக மூடுகிற பெரிய ஹெட்போன் வாங்கினேன். அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் எனக்குக் காதில் ஏதோ கோளாறு என்று நினைத்துச் சிலர் ஜன்னலோர இடம் விட்டுக்கொடுக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்வானேன்? போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை கேட்பேன். அதற்கப்புறம் வெங்காயம் நறுக்கும்போது எந்த மெட்டாவது தானாக வாயில் வருகிறதா என்று பார்ப்பேன். என் தராசு அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரருக்கு மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் மின்சாரப் பராமரிப்பு வேலை. செவ்வாய்க்கிழமை வார விடுமுறை. சின்ன வயதில் சர்ச் பாடகர் குழுவில் கிட்டார் பிடித்தவர், இன்னமும் பிடிக்கிறார். சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்து எதையாவது வாசித்துவிட்டு, "எப்டிமே கீது?" என்று குரல் கொடுப்பார். நான் அடுப்படியிலிருந்தே "நல்லா கீது" என்பேன். "சும்மா சொல்லாத" என்பார். "நெஜமாத்தான்யா" என்பேன், குக்கர் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டே. நாளெல்லாம் வேலை பார்த்து, ரெண்டு வேளை பஸ்ஸில் இடிபட்டு வந்தவள் வேறென்ன சொல்வாள்? வீட்டில் எங்களுக்குள் நீ, வா, போ தான். மரியாதையெல்லாம் வெளி ஆட்களுக்கு.

போன கோடையில் இதழுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. ஆசிரியர் வழக்கம்போல என் பக்கம் தள்ளிவிட்டார். கேள்விப்படாத பெயர். புதுச்சேரிக்காரராம். 'மலைகளிலும் காடுகளிலும் அலைந்து திரிந்த நாடோடிக் கலைஞன்' என்று தன்னைப் பற்றி எழுதியிருந்தார். இந்த மாதிரி அறிமுகம் வாரத்துக்கு ஒன்றாவது வந்துவிடும், தலையில் அடித்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். அடுத்த வரிகள் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி இருந்தன.

'இது என் முதல் ஆல்பம். யாருக்கும் இன்னும் போட்டுக்காட்டவில்லை. நீங்கள் முகத்துக்காகப் பேச மாட்டீர்கள் என்று தெரியும். வெளியிடலாம் என்றால் வெளியிடுகிறேன். தேறாது என்றால் ஒரு வரி எழுதுங்கள் போதும், இதோடு விட்டுவிடுகிறேன்.'

மொத்தம் ஏழு பாட்டு. பாட்டென்று பெயர்தான், குரலே கிடையாது, கிட்டார் மட்டும். காலை பஸ்ஸில் கேட்கத் தொடங்கினேன். முதல் பாட்டிலேயே எனக்கு என்னவோ உறுத்தியது. கட்டைவிரல் ஒவ்வொரு தடவையும் ஒரு இமைப்பொழுது தாமதமாகக் கீழே இறங்கியது. இந்தத் தாமதத்தை எங்கேயோ கேட்டிருக்கிறேனே என்று தோன்றியது. இரண்டாவது பாட்டு முடிந்தது. கடைசி அதிர்வும் அடங்கிவிட்டது. மற்றவர்களாக இருந்தால் அடுத்த பாட்டுக்குத் தள்ளியிருப்பார்கள். எனக்கு ஓடுகிறவரை ஓடட்டும் என்று விடுகிற வழக்கம். சில நொடி வெறும் அமைதி. அப்புறம் கதவைத் தட்டுகிற சத்தம். தூரத்திலிருந்து ஒரு பெண் குரல்.

"இன்னா நைனா, கதவ சாத்திகினு இன்னா பண்ணிகினு கீற? அது இல்லியா?"

"அது ஆபீஸ் பூட்ச்சிமா." மிகப் பக்கத்தில் ஓர் ஆண் குரல்.

"வந்தா கேளு, நேத்து குட்த்த சங்கரா மீனு எப்டி இருந்துச்சின்னு."

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிற அம்மாவின் குரல் அது. பதில் சொன்னது என் வீட்டுக்காரர். ஆபீஸ் போய்விட்ட 'அது' நான்.

பஸ் திருக்கழுக்குன்றம் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த பெண் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். மனுஷன் செவ்வாய்க்கிழமை தோறும் நான் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு மெத்தையைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார். பாட்டு முடிந்ததும் பதிவை நிறுத்த மறந்து, மீன்காரம்மாவையும் சேர்த்துப் புதுச்சேரி நாடோடியின் பெயரில் எனக்கே அனுப்பிவைத்திருக்கிறார். மலையாம், காடாம். திண்டிவனம் தாண்டினாலே பஸ்ஸில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு வருகிற ஆள்.

சிரிப்பு அடங்கினதும் மின்னஞ்சலை மறுபடி திறந்து பார்த்தேன். 'நீங்கள் முகத்துக்காகப் பேச மாட்டீர்கள்.' பொசுக்கென்று ஆகிவிட்டது. வீட்டில் நான் சொல்கிற 'நல்லா கீது' என்ன விலை போகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் பெண்டாட்டியை விட்டுவிட்டு விமர்சகியிடம் வந்திருக்கிறார். 'இதோடு விட்டுவிடுகிறேன்' என்றால் விட்டுவிடுவார். வீறாப்புக்கு எழுதுகிற ஆள் இல்லை அவர். சிகரெட்டை அப்படித்தான் விட்டார், பரணில் ஏறின கேரம் பலகை இன்னும் கீழே வரவில்லை. கிட்டாரும் பரணுக்குப் போய்விடும் என்று நினைத்தபோது எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

அந்தப் பயத்தோடுதான் மூன்றாவது பாட்டைக் கேட்டேன். சும்மா சொல்லக்கூடாது, அசந்துபோனேன். ஒரு கம்பியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, அவசரமே இல்லாமல், வேலை முடிந்து வந்த ஆள் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுகிற மாதிரி ஒரு வாசிப்பு. அந்தக் கட்டைவிரல் தாமதம் இருக்கிறதே, முதல் பாட்டில் குறையாகப் பட்டது, இங்கே அதுதான் பாட்டே. செங்கல்பட்டு வந்து எல்லோரும் இறங்கிய பிறகும் பஸ் ஸ்டாண்டு தூணோரம் நின்று அதை இன்னொரு தரம் கேட்டு முடித்துவிட்டுத்தான் நடந்தேன். பெருமையாக இருந்தது. கூடவே கோபமும் வந்தது. இத்தனை வருஷம் அடுத்த அறையில் இதை வைத்துக்கொண்டு சர்ச் பாட்டையும் சினிமாப் பாட்டையும் வாசித்துக்காட்டிக்கொண்டிருந்தாரே என்று.

வரும்போது கேட்ட நான்கு, ஐந்து, ஆறு எல்லாம் நன்றாகவே போயின. ஏழாவதின் தலைப்பு 'அவளுக்கு'.

அடேயப்பா. கிட்டாரையே தேட வேண்டியிருந்தது. கம்ப்யூட்டர் வயலின்கள் ஒரு லாரி, மேலே புல்லாங்குழல், அதற்கு மேலே மழைச் சத்தம், நடுவில் சலங்கை. கல்யாண வீடியோவில் பொண்ணும் மாப்பிள்ளையும் ரோஜாப்பூவுக்குள்ளிருந்து சுற்றிக்கொண்டு வருவார்களே, அதற்குப் போடுகிற இசை. அந்த 'அவள்' யாரென்று எனக்குத் தெரியாதா? கன்னம் சூடானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் பாட்டு குப்பை. வேறு யாருடைய ஆல்பமாக இருந்தாலும் யோசிக்காமல் இதைத்தான் எடுத்துவிடச் சொல்லியிருப்பேன்.

வேண்டியவர்கள் ஆல்பத்தை இதழில் எழுதுவதில்லை என்று எனக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆனால் அவர் கேட்டது இதழில் வருவதை இல்லை, என் தீர்ப்பை. அதை மின்னஞ்சலிலேயே அனுப்பிவிடலாம். ஏழாவதை என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. எனக்காகப் போட்ட பாட்டை நானே குப்பை என்றால் மனுஷன் உடைந்துபோவார். விட்டுவைத்தால் மொத்தக் கடிதமும் அடுப்படி 'நல்லா கீது' ஆகிவிடும், மூன்றாவது பாட்டைப் பற்றி நான் எழுதுவதற்கும் மதிப்பிருக்காது.

அந்த வாரம் முழுக்க அவர் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார். கேட்காமலே டீ வந்தது.

"இன்னா கேட்டுகினு கீற இப்போ?"

"யாரோ புதுச்சேரிக்காரராம்."

"எப்டி?"

"இன்னும் முடிக்கல. ஆளு நெறைய ஊர் சுத்திக்கீறாரு போல."

அவர் முகத்தில் ஓடியதைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பை அடக்கவும் முடியவில்லை. டம்ளரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து, மத்தியானம் எல்லாம் உட்கார்ந்து எழுதினேன். மற்றவர்களுக்கு எழுதுகிற மாதிரியே, 'நீங்கள்' போட்டு எழுதினேன். முதல் பாட்டில் தடுமாற்றம் இருக்கிறது என்று எழுதினேன். இரண்டாவதின் முடிவில் ஒரு மீன்காரம்மா பேசுகிறார், கவனிக்கவும் என்று எழுதினேன். மூன்றாவதுக்கு நீளமான ஒரு பத்தி. வெளியிடுங்கள், தயங்காதீர்கள் என்றும் எழுதினேன். கடைசியில் 'ஏழாவது பாட்டை எடுத்துவிடுங்கள். பாசம் தெரிகிறது, நீங்கள் தெரியவில்லை' என்று முடித்தேன். சாயங்காலம் தோசைக் கல்லை அடுப்பில் வைத்துவிட்டு அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். கூடத்தில் அவர் போன் கிணுங்கியது.

நான் தோசை வார்த்துக்கொண்டே இருந்தேன். யார் சாப்பிடப் போகிறார்கள் என்று தெரியாமல் அடுக்கிக்கொண்டே போனேன். கடைசியில் அடுப்படி வாசலில் வந்து நின்றார். கையில் போன்.

"மீன்காரம்மா பேசறது கேக்குதா?"

"எந்த மீன்காரம்மா?"

"வெளாடாத."

"கேக்குது. சங்கரா எப்டி இருந்துச்சின்னு கேக்கச் சொல்லிச்சே, நீ எங்கிட்ட கேக்கவே இல்ல."

அவர் சிரிக்கவில்லை. "அப்ப நான்னு தெரிஞ்சேதான் எழுதிக்கீற."

"தெரிஞ்சேதான்."

"ஏழாவது யாருக்குன்னு..."

"அதுவும் தெரியும்."

கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் கழுத்தைச் சொறிந்துகொண்டு, "எனக்கே அது புடிக்கலமே" என்றார். "உனக்குன்னு ஒண்ணு வெக்கலன்னா நீ கோச்சிக்குவேன்னு பயந்துதான் சேத்தேன்."

எனக்கு வந்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவரும் சிரித்தார், ஆனால் பாதியிலேயே நின்றுபோனார். வேறு ஏதோ பிடிபட்ட மாதிரி முகம் மாறியது.

"உன் பாட்டையே தூக்கி எறிஞ்சிட்ட" என்றார் மெதுவாக. "அப்ப மூணாவதப் பத்தி எழுதிக்கீறது நெஜம்."

அவர் அப்படியே கதவோரம் தரையில் உட்கார்ந்தார், காலை நீட்டிக்கொண்டார், போனைக் கண்ணுக்குத் தோதாகப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா எழுதிக்கீறாங்கோ கேளு" என்று சொல்லிவிட்டு, மூன்றாவது பாட்டைப் பற்றி நான் எழுதிய பத்தியை எனக்கே வாசித்துக்காட்ட ஆரம்பித்தார். ஒவ்வொரு வரிக்கும் நிமிர்ந்து, கேட்டாயா என்பதுபோல என்னைப் பார்த்தார். கல்லில் இருந்த தோசை கருகியது. அடுப்பை அணைத்துவிட்டு நானும் எதிரே உட்கார்ந்து, யாரோ எழுதியதைக் கேட்பதுபோல முழுவதையும் கேட்டேன்.