அன்புக்கரசி சேர்த்துச் சொன்ன நாலு வரி

அன்னூர்ச் சபையில் பிரசங்க மேடைக்கு இடப்பக்கம் ஒரு மைக் உண்டு. பன்னிரண்டு வருடமாக அது அன்புக்கரசியுடையது. வார நாளில் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை, வெளியூர்ப் பிரசங்கியார் எவர் வந்தாலும் அவர் இங்கிலீஷைத் தமிழாக்கிச் சொல்பவள். அந்தச் சபையில் பெண்கள் பிரசங்கம் செய்வதில்லை. மொழிபெயர்க்கலாம். ஆண்டவருக்கு அதில் ஆட்சேபணை இல்லையாம். போதகர் ஜெரோம் கேட்டுச் சொல்லியிருக்கிறார்.

இந்தமுறை வந்தவன் வம்சி. ஹைதராபாத் பையன், இருபத்து நாலு வயது, வேதாகமக் கல்லூரி மாணவன், மூன்று மாத ஊழியப் பயிற்சி. தலைமுடி கலையவே கலையாது. ஆராதனை முடிந்ததும் சபையே அவனைச் சுற்றி நின்று போட்டோ எடுக்கும். எடுத்துக் கொடுப்பது அன்புக்கரசி. அவள் பேசிய தமிழுக்கு அவனுக்குக் கைகுலுக்கல். வயிறு எரியாதா? எரிந்தது. ஜெபித்தும் பார்த்தாள், ஜெபத்திலும் அவன் முடிதான் வந்தது.

போன ஞாயிறு மார்த்தாள் கதை. இயேசு வீட்டுக்கு வந்திருக்கிறார். தங்கை மரியாள் அவர் காலடியில் உட்கார்ந்து கேட்கிறாள்; அக்கா மார்த்தாள் அடுப்படியில் கிடக்கிறாள். மார்த்தாளுக்குச் சாம்பார் கவலை என்று சிரிப்புக்காக ஒரு வரி சொன்னான் வம்சி. அன்புக்கரசி வாயிலிருந்து வந்ததோ வேறு.

“மார்த்தாளை எனக்குத் தெரியுமுங்க. சபை விருந்துன்னா முந்நூறு பேருக்கு ஆக்கிப்போடுவா. முப்பது வருசத்துல ஒரு பிரசங்கம் முழுசாக் கேட்டதில்லை. சமையக்கட்டு ஜன்னல் வழியா ஆமென் சத்தம் மட்டும் கேக்கும். அவளும் கரண்டியோட நின்னு ஆமென்னு சொல்லுவா.”

பெண்கள் பக்கம் முந்தானைகள் கண்ணுக்குப் போயின. சிரிப்பை எதிர்பார்த்த வம்சி வாயைத் திறந்தபடி நின்றான்.

வெளியே வந்ததும், விருந்துக்குச் சமைக்கிற பாவாத்தாள் அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “என்னையப் பாத்தே சொன்னாப்பல இருந்துச்சு கண்ணு!”

அவன் அன்புக்கரசி பக்கம் திரும்பி இங்கிலீஷில் கேட்டான். “அக்கா, நான் ஜோக்குதானே சொன்னேன்? எதுக்கு அழுதாங்க?”

“நானாக் கொஞ்சம் சேத்துச் சொல்லிப்போட்டேன்” என்றாள். மைக் போச்சு என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்குள் ஜெரோம் வந்து அவன் முதுகில் தட்டினார். “அந்தச் சமையக்கட்டுச் சமாச்சாரம் அருமை தம்பி. மேட்டுப்பாளையம் கன்வென்ஷன்லயும் அதையே பேசிப்போடுங்க.”

மேட்டுப்பாளையத்தில் ஆயிரம் பேர் வருவார்கள். அவன் தலையை ஆட்டினால் முடிந்தது, அந்த நாலு வரியும் அவனுடையதாகிவிடும். ஆட்டத்தான் போகிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

“அது நான் சொல்லலை ஐயா” என்றான் வம்சி, ஓட்டைத் தமிழில். “அக்கா சொன்னது. நான் சாம்பார் மட்டும்தான்.”

பாவாத்தாள் அவன் கையை விட்டாள். “அப்ப நீ சொன்ன அந்த மார்த்தாள் உன்ற ஆத்தாளா, அம்மணி?”

“ஆமாங்க. ஆனைமலைச் சபையில ஆக்கிப்போட்டவங்க.”

ஜெரோம் தொண்டையைச் செருமினார். “நல்லதுதானுங்க டீச்சர். ஆனா மேட்டுப்பாளையத்துல தம்பி சொல்றத மட்டும் சொல்லுங்க.”

“சரிங்க ஐயா.”

வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகையிலும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை, கூடியிருந்தது. இத்தனை நாள் அவனுக்குக் கிடைத்த மேடைக்குத்தான் பொறாமை. இனி அவன் நல்ல மனசுக்கும் சேர்த்துப் படவேண்டும். பாவிப் பயல், ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தால் நிம்மதியாக வெறுத்துத் தொலைத்திருக்கலாம்.