விதிக்காகப் பேசி ஜெயித்த மாலை

போன வாரம் காரைக்குடி பேருந்து நிலையத்தில் ஒரு சர்பத் கடையைக் கடந்தேன். எலுமிச்சையும் நன்னாரியும் கலந்த வாசனை மூக்கில் ஏறியதுமே தொண்டை தானாகச் செருமிக்கொண்டது. பேசக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று நினைத்துவிட்டது போலிருக்கிறது, பாவம். அறுபதுகளின் கடைசியில் எங்கள் கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் மேடையேறும் முன் ஒரு டம்ளர் நன்னாரி சர்பத் கொடுப்பார்கள். எனக்கு மட்டும் இரண்டு. பரிசை அள்ளிக்கொண்டு போகிறவள் என்ற மரியாதை!

கடைசி வருஷப் போட்டிக்கு இரண்டு நூல்கள். ஒன்று நம் பழைய காப்பியம். விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்லி, பிறகு உயிரையும் விட்ட அரசன் அதில் வருவான். மற்றது ஆங்கில நாடகம். அரசனாவாய் என்று யாரோ குறி சொன்னதை நம்பி, தன் அரசனையே கொன்று, தானும் அழிந்த தளபதியின் கதை. இருவரையும் வீழ்த்தியது பேராசையா, அதிகாரமா, விதியா? சீட்டுக் குலுக்கியதில் எனக்கு விதி விழுந்தது.

விதி என்ற சொல்லே அப்போது எனக்குக் கசப்பு. மதுரையில் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. எங்கள் ஊர் கண்டரமாணிக்கத்தில் குடும்ப ஜோசியரோ, நான் மேற்கே படிக்கப் போனால் வீட்டுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார். அப்பாவும் அதோடு பேச்சை முடித்துவிட்டார். அவர் சொல்லுக்கு எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. போட்டி நடந்த அன்றுதான் என்னை ஊருக்கு அழைத்துப்போக வந்திருந்தார். பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் அரங்கில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

அவர் எதிரிலேயே நான் விதிக்கு வக்காலத்து வாங்க வேண்டும். நீங்களே சொல்லுங்கள், வேண்டுமென்றே சொதப்பியிருக்கலாம்தானே? ஆனால் மைக் கிடைத்தால் எனக்குத் தலைகால் புரியாது. வெளுத்து வாங்கினேன். குறியை மீற முடிந்ததா அந்தத் தளபதியால் என்றேன். தீர்ப்புச் சொன்ன நாக்கு அரசனுடையதா, விதியுடையதா என்றேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கோப்பையோடு இறங்கும்போதுதான் உறைத்தது. மதுரைக்குப் போகும் வழியை நானே அடைத்துவிட்டேனே!

பஸ் குன்றக்குடி தாண்டியதும் அப்பா கேட்டார்.

"ஏத்தா, அந்தத் தளபதிகிட்ட யாரும் குறி சொல்லாம இருந்திருந்தா?"

"அவன் பாட்டுக்கு இருந்திருப்பான்ப்பா."

"அந்த ராசா ஒரு வார்த்தை விசாரிச்சிருந்தா?"

"உசுரோட இருந்திருப்பாரு."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ஒருத்தன் குறிய நம்பிக் கெட்டான். ஒருத்தன் விசாரிக்காமக் கெட்டான். நான் ரெண்டையும் சேத்துல்ல பண்ணிப்புட்டேன். மதுரைக்கு என்னைக்குத்தா போகணும்?"

"நெசமாத்தான் சொல்றீகளா?" என்று கேட்டுவிட்டு அழுதேன். மேடையில் அவ்வளவு முழங்கியவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே தேதியைச் சொன்னேன்.

அந்த அரங்கை இடித்துவிட்டார்கள். அப்பாவும் போய்விட்டார். ஓய்வு பெறும்வரை வகுப்பில் எத்தனையோ அரசர்களை நடத்தினேன். அதிகாரம் கையில் இருக்கும்போதே தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்ட அரசன் ஒருவன்கூட எந்தப் பாடத்திலும் வரவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே ஒருவர், மேல்சட்டைகூட இல்லாமல் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்.