மயிலிறகு வைத்த சார்ட்

சமூக அறிவியல் வகுப்பில் 'இனக்குழு' என்று நான் சொன்னால் போதும், பிள்ளைகள் எல்லாரும் ஜன்னல் வழியாக மலையைப் பார்ப்பார்கள். சத்தியமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் அரசு மேல்நிலைப் பள்ளியில் அப்படித்தான். இனம் என்றால் அது மேலே இருப்பது. கீழே இருக்கும் நாங்கள் இனமே இல்லை, வெறும் மனிதர்கள். இதை நான்தான் இருபது வருஷமாகச் சொல்லிக்கொடுத்தேன். சம்பளமும் வாங்கினேன்.

மாவட்டத்து மக்களைப் பற்றி ஒரு கண்காட்சி வைக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. மலைவாழ் மக்கள் என் தலையில் விழுந்தார்கள். நான் என்ன செய்தேன்? மலை ஏறினேனா? பஸ் இருக்கிறது, ஒன்றரை மணி நேரம்தான். ஏறவில்லை. செல்போனை எடுத்துப் படம் தேடினேன். இலை உடுத்தி, தலையில் இறகு செருகி, ஈட்டியோடு நிற்கிற ஆட்கள் கிடைத்தார்கள். எந்த நாடோ, எந்தக் கண்டமோ, யார் கண்டது! கலர் பிரிண்ட் எடுத்துச் சார்ட்டில் ஒட்டி, "உணவு: தேன், கிழங்கு. உடை: இலை, தழை. பொழுதுபோக்கு: நடனம்" என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதினேன். ஓரத்தில் நிஜ மயிலிறகு வேறு. "அருமைங்க டீச்சர்" என்றார் தலைமை ஆசிரியர். பத்தாம் வகுப்புச் சுவரில் ஆணி அடித்து மாட்டினோம்.

அதே வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் மலையிலிருந்து வந்த பெண் ஒருத்தி இருந்தாள். ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். அவள் பள்ளியில் சேர்ந்த அன்று நான் கேட்டது இரண்டே கேள்வி. "கண்ணு, உனக்கு எந்த ஊரு?" அப்புறம், "அடுத்த தடவ வாரப்ப நல்ல தேன் கெடச்சாக் கொண்டாறியா அம்மணி?" எங்கள் பக்கத்தில் எந்த ஊர் என்று கேட்பது பார்க்க மரியாதையாகத்தான் இருக்கும். ஊர் தெரிந்தால் தெரு தெரியும், தெரு தெரிந்தால் மற்றதெல்லாம் தெரியும். வாய் நிறைய 'ங்க' போட்டுக்கொண்டே ஆளை எடைபோட்டுவிடுவோம்.

சார்ட்டை அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"டீச்சர், இவுங்க யாருங்க?"

"உங்க ஆளுங்கதான் கண்ணு."

"எங்கப்பா சட்டை போடுவாருங்க."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அதை மறைத்தால் நான் இதை எழுதவே வேண்டாம்.

அவளுக்கு அப்போது ஒரு காகிதம் தேவைப்பட்டது. பழங்குடி என்று அரசாங்கம் முத்திரை குத்தித் தருகிற சாதிச் சான்றிதழ். அது இருந்தால்தான் பிளஸ் ஒன்னுக்கு ஹாஸ்டலில் இடம். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அவளுடைய அண்ணன் அந்தக் காகிதம் கிடைக்காமல் பத்தாவதோடு நின்று, திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். இவளையும் அங்கேயே அனுப்பிவிடலாம் என்று வீட்டில் பேச்சு. விண்ணப்பம் கொடுத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

விசாரணைக்கு ஓர் அதிகாரி பள்ளிக்கே வந்தார். தலைமை ஆசிரியர் அவரை என் வகுப்புக்கு அழைத்துவந்தார். எல்லார் முன்னாலும் வகுப்பிலேயே அவளை எழுந்து நிற்கச் சொல்லி ஏற இறங்கப் பார்த்தார். யூனிஃபார்ம், ரெட்டைச் சடை, ரிப்பன். அவருக்குத் திருப்தியில்லை.

"ஊட்டுல டிவி இருக்குதா?"

"இருக்குதுங்க."

"உங்க ஆளுங்கன்னா ஆட்டம் பாட்டமெல்லாம் இருக்குமே. எங்கே, ரெண்டு ஸ்டெப் ஆடிக் காட்டு பாக்கலாம்."

அவள் அசையவில்லை. "எழவு ஊட்டுலதாங்க நாங்க ஆடுவோம். இங்க யாரும் சாகலீங்களே" என்றாள்.

அதிகாரியின் முகம் சுருங்கிப்போனது. திரும்பினார். சுவரில் என் சார்ட், மயிலிறகோடு பளபளவென்று தொங்கிக்கொண்டிருந்தது.

"நீங்களே எழுதி மாட்டியிருக்கறீங்களே டீச்சர். இலை, தழை, ஈட்டி. இந்தப் புள்ளைக்கும் இதுக்கும் ஏதாச்சும் சம்பந்தம் இருக்குதுங்களா? நாஞ் சும்மா எழுதிக் குடுத்துட்டா என் வேலை போயிருமுங்க" என்று சொல்லிவிட்டு ஃபைலைத் திறந்தார்.

அவள் அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், அது பொய்ங்க" என்றேன்.

"எதுங்க?"

"அந்தச் சார்ட்டு. நான் மலைக்கே போனதில்லீங்க. செல்போன்ல எடுத்த படம். அவுங்க எந்த நாட்டு ஆளுங்கன்னே எனக்குத் தெரியாதுங்க."

தலைமை ஆசிரியர் இருமினார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இருபது வருஷ மானம் ஒரே பீரியடில் கப்பலேறிவிட்டது.

"அப்ப அதையே எழுதிக் குடுத்துருங்க" என்றார் அதிகாரி.

எழுதினேன். பார்க்காத மக்களைப் பற்றி, தெரியாத படத்தை ஒட்டி, மாணவர்களுக்குத் தவறாகக் கற்பித்தேன். மேற்படி சார்ட்டை இந்த மாணவிக்கு எதிரான சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இப்படிக்கு, என் கையெழுத்து. தலைமை ஆசிரியர் அதை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் முத்திரை குத்தினார், பாவம்.

சார்ட்டை நானே கழற்றிக் கிழித்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் பிடித்து மலைக்குப் போனேன். அவளுடைய அப்பா சட்டை போட்டிருந்தார். டீ கொடுத்தார். தேனைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

சான்றிதழ் வந்தது. இன்னும் இரண்டு விசாரணையும் ஏழெட்டு அலைச்சலும் கழித்து, பிளஸ் ஒன் சேர்க்கை முடிவதற்கு முந்தின நாள் வந்தது. இப்போது அவள் எங்கள் பள்ளியிலேயேதான் படிக்கிறாள்.

இந்த வருஷமும் கண்காட்சி வந்தது. கண்ணால் பார்த்த மக்களைப் பற்றி மட்டும் எழுதுங்கள் என்று சொல்லியிருந்தேன். அவள் ஒரு சார்ட்டைச் சுருட்டிக் கொண்டுவந்து என் மேஜையில் விரித்தாள். தலைப்பு, 'சமவெளி மக்கள்'. படத்தில் மூக்குக்கண்ணாடியும் கைப்பையுமாக அச்சு அசல் என்னைப் போலவே ஓர் அம்மாள்.

"உணவு: சோறு. வாகனம்: கார். புதிதாக வாங்கினால் முதலில் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றுவார்கள். வழக்கம்: யாரைப் பார்த்தாலும் எந்த ஊர் என்று கேட்பார்கள். பதில் கிடைத்ததும் இவர்களுடைய குரல் மாறும். மலைக்காரர் என்றால் தேன் கேட்பார்கள்."

"அடிப் போக்கிரி!" என்று வாய்விட்டுச் சிரித்தேன்.

"கடைசி வரிய இன்னும் படிக்கலீங்க டீச்சர்" என்றாள்.

படித்தேன்.

"நடனம்: உண்டு. ஆனால் ஆடிக் காட்டச் சொல்லி இவர்களை யாரும் கேட்பதில்லை. ஆடாமலே, இவர்கள் இன்னார் என்று எல்லாரும் நம்பிவிடுகிறார்கள்."