கணக்கில் சுருங்கிய ஊர்

1. கைப்பிடி சுற்றும் வேலை

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என்னை ஒரு கணக்கு மெஷின் முன்னால் உட்கார வைத்தார்கள். தையல் மெஷினை விடச் சின்னது, பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. எண்ணை வைத்து முன்பக்கமாகச் சுற்றினால் கூட்டும், பின்பக்கமாகச் சுற்றினால் கழிக்கும். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எங்கே தப்பாகச் சுற்றி இருக்கிற தற்காலிக வேலையும் போய்விடுமோ என்று அன்றைக்குப் பிடித்த பயம், ரிட்டயர் ஆகும் வரை விடவில்லை.

இப்போது இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக எழுபதுகளின் நடுவில் நடந்த ஒன்றை எழுதுகிறேன். ஊரின் பெயரை மட்டும் விட்டுவிடுகிறேன். பிள்ளைப்பாக்கத்திலிருந்து சைக்கிளில் போகிற தூரம், ஏரிக்குப் பின்பக்கம். அவ்வளவு போதும்.

எங்கள் புள்ளிவிவர ஆபீஸ் இன்ஸ்பெக்டர் சுந்தரராஜன் சார்தான் எனக்கு வேலையைச் சொல்லிக்கொடுத்தார்.

"சென்சஸ் பத்து வருஷத்துக்கு ஒரு தடவைதான்யா. நடுவுல பஸ் விடணும், பள்ளிக்கூடம் கட்டணும். எந்த ஊர்ல எத்தனை பேர்னு சர்க்கார் கேக்கும். அதுக்குத்தான் நாம இருக்கோம். பழைய சென்சஸ் தொகைய எடுத்துக்கோ. பிறப்பைக் கூட்டு. இறப்பைக் கழி. வந்து குடியேறினவனைக் கூட்டு, ஊரை விட்டுப் போனவனைக் கழி. முடிஞ்சது."

"வந்தவங்க போனவங்க கணக்கு எங்க சார் இருக்கும்?"

"அதை எவன்யா எழுதி வெச்சிருக்கான்? தாலுகாவுக்கே பொதுவா ஒரு சதவீதம் மேலேருந்து வரும். அதைப் போட்டுக்கோ."

பிறப்பும் இறப்பும் அந்தந்த ஊர் கிராம முன்சீப், இப்போதைய வி.ஏ.ஓ. மாதிரி, எழுதும் பதிவிலிருந்து வரும். எங்கே பிறந்ததோ அந்த ஊர்க் கணக்கு, எங்கே இறந்ததோ அந்த ஊர்க் கணக்கு. இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மீதி எல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

2. பிறப்பே இல்லாத ஊர்

அந்த வருஷம் எங்கள் பக்கத்துக்கு ஒரே ஒரு தாய் சேய் நல விடுதி தருவதாகச் சொன்னார்கள். நர்ஸ் ஒருவர் அங்கேயே தங்குவார், நாலு கட்டில் இருக்கும். இரண்டு ஊர்கள் கேட்டன. ஒன்று நான் சொன்ன ஏரி ஊர். இன்னொன்று மெயின் ரோட்டின் மேலேயே இருந்த ஊர். அங்கே பஸ் நிற்கும், வாரம் ஒரு முறை நர்ஸும் வந்து போவார். எந்த ஊரில் ஜனம் அதிகமோ, எங்கே பிறப்பு அதிகமோ, அதற்கே விடுதி. இரண்டு ஊருக்கும் மதிப்பீடு போட்டு அனுப்பச் சொல்லி எங்களுக்கு உத்தரவு.

நான் மெஷினைச் சுற்றினேன். ரோட்டு ஊர் நன்றாக வளர்ந்திருந்தது. ஏரி ஊரோ பழைய சென்சஸ் தொகையை விடக் குறைவாக வந்தது.

கைப்பிடியைப் பின்பக்கமாகச் சுற்றிவிட்டேனோ? மறுபடி போட்டேன். பிறகு மெஷினை நம்பாமல் பேப்பரில் கையால் கூட்டினேன். எப்படிப் போட்டாலும் அதே விடைதான். இறப்பு எல்லா ஊரையும் போலத்தான் இருந்தது. பிறப்புதான் கைவிரல் விட்டு எண்ணுகிற அளவில் இருந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, யாரும் அனுப்பாமல் நானே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஊரைப் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும் போலிருந்தது.

ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்தோடுகிற கலங்கலுக்குக் கீழே இறங்கி ஏறினால்தான் அந்த ஊர். மழைக்காலத்தில் கலங்கல் வழிந்தால் அந்தப் பாதை கிடையாது, பெரிய சுற்று சுற்ற வேண்டும். ஊருக்குள் நுழைந்ததும் ஒரு கூட்டம் பிள்ளைகள் சைக்கிள் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தன.

முன்சீப்பிடம் பதிவைப் பற்றிக் கேட்டேன்.

"இங்க பொறந்தா இங்க எழுதுவேன். எங்க ஊரு புள்ளைங்க எல்லாம் வேற ஊரு புக்குல பொறக்குது, நான் இன்னா பண்ண?" என்றார்.

அங்கே நின்றிருந்த அஞ்சலை என்ற அம்மாள் சிரித்தார். நடவு ஆட்களைக் கூட்டிப் போகிறவர், குரல் பெரிசு. "ஏம்பா, எங்க ஊருல பொறப்பே இல்லியாமே? அப்போ இதுங்க எல்லாம் ஏரியில மீன் கணக்கா வந்துச்சா?"

பிறகு அவரே விளக்கினார். தலைப் பிரசவத்துக்குத் தாய்வீடு போவது எல்லா ஊரிலும் உள்ளதுதான். ஆனால் இந்த ஊர் மருமகள்கள் இரண்டாவது, மூன்றாவது பிள்ளைக்கும் தாய்வீடு போய்விடுவார்கள். குழந்தை தலை நின்ற பிறகுதான் திரும்புவார்கள்.

"கலங்கல் ரொம்பிச்சின்னா நாங்க தீவுல கீற மாதிரி. மருத்துவச்சி செத்து வருசம் ஆவுது. இங்க யாரு துணிஞ்சி பெத்துக்குவா?"

அஞ்சலையின் மருமகள் மல்லிகா வாசலில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். வயிறு தெரிந்தது.

"இவ எப்பம்மா தாய்வூடு போறா?" என்று கேட்டேன்.

"இவளுக்கு ஏது தாய்வூடு? அப்பன் ஆத்தா ரெண்டு பேரும் இல்ல. ஐப்பசில ஆவணும். அதுக்குள்ள ஆஸ்பத்திரி வந்துடும்ல தம்பி? நீதான எழுதற?"

நான் எழுதுகிறவன் இல்லை, சுற்றுகிறவன் என்று சொல்ல வாய் வரவில்லை.

3. எத்தனை பேர் சாப்பிடுகிறீர்கள்

திங்கட்கிழமை சாரிடம் சொன்னேன். அவர் மடையர் இல்லை. உடனே மடக்கினார்.

"சரிய்யா, இந்த ஊர் மருமக வெளியூர்ல பெத்துக்கறா. வெளியூர்ல கட்டிக்கொடுத்த இந்த ஊர்ப் பொண்ணு இங்க வந்து பெத்துக்க மாட்டாளா? போனதும் வந்ததும் சரியாப் போயிடுமே."

"அதுங்களும் இங்க வர்றதில்ல சார். பெத்தவங்களே அதுங்கள குன்றத்தூர் பக்கம் சொந்தக்காரங்க வீட்டுல கொண்டுபோய் விட்டுடறாங்க. இங்க பிரசவம் பாக்க ஆள் இல்லையே."

சார் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு, "இந்தச் சந்தேகம் எனக்கு முன்னாடியே இருந்துச்சுய்யா" என்றார். "நர்ஸ் இல்லேன்னா பொறப்பு இல்ல. பொறப்பு இல்லேன்னா நர்ஸ் இல்ல. சரி, போய் வீடு வீடா எண்ணிக்கிட்டு வா. வீட்டுல எத்தனை பேர்னு கேட்டா பட்டாளத்துல இருக்கிற பிள்ளையையும் சேத்துச் சொல்லுவாங்க. எத்தனை பேர் சாப்பிடறீங்கன்னு கேளு."

அப்படியே கேட்டேன். நல்ல கேள்வி அது. உலையில் அரிசி போடுகிறவர்களுக்கு அந்த எண்ணிக்கை தப்பாது. சுண்ணாம்புக் கட்டியால் கதவில் குறி போட்டுக்கொண்டே போனேன். அஞ்சலை வீட்டில் மட்டும் வம்பு.

"மருமவ வவுத்துல கீறதையும் சேத்துக்கோ."

"பொறக்காததை எழுதக் கூடாதும்மா."

"பொறந்ததையே எழுதல. பொறக்காததுக்கு இன்னா சட்டம் பேசற?"

எண்ணி முடித்தபோது மெஷின் சொன்னதை விட ஏறக்குறைய கால் பங்கு கூடுதலாக ஜனம் இருந்தது. சார் அதை விளக்கி இரண்டு பக்கம் எழுதி மேலே அனுப்பினார். நான் அந்தத் தபாலைப் பையில் போட்டுத் தைக்கிற வரைக்கும் நின்று பார்த்தேன்.

பதில் நாலு வரியில் வந்தது. எல்லா ஊருக்கும் ஒரே முறைதான். ஓர் ஊருக்கு மட்டும் வீடு எண்ணியதை ஏற்க முடியாது. வித்தியாசம் இருந்தால் அடுத்த சென்சஸில் தானாகத் தெரியவரும். விடுதி ரோட்டு ஊருக்கு.

"அடுத்த சென்சஸுக்கு இன்னும் எத்தனை வருஷம் சார் இருக்கு?" என்றேன்.

"உளறாதே. எண்ணினா எல்லா ஊரையும் எண்ணணும். ஆள் யாரு? நீ, நான், இந்த மெஷின். அவங்க சொன்னது தப்பில்லய்யா. அதான் வயித்தெரிச்சல்." கடிதத்தைக் கோப்பில் போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார். எனக்கு அன்றைக்கு அவர் மேல் வந்த கோபம் இன்றுவரை முழுதாக ஆறவில்லை. அவர் மேல் கோபப்படுவது நியாயமில்லை என்றும் தெரிகிறது.

4. ஐப்பசி

ஐப்பசியில் கலங்கல் வழிந்தது. அதற்குள் நர்ஸ் ரோட்டு ஊருக்கு வந்து, கட்டடம் எழும்பும் வரை ஒரு வாடகை வீட்டில் இருந்தார். மல்லிகாவுக்கு விடியற்காலையில் வலி கண்டிருக்கிறது. மாட்டு வண்டியில் படுக்க வைத்து ஏரியைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். நேர்ப்பாதை இருந்திருந்தால் சீக்கிரம் போயிருக்கலாம். போய்ச் சேர்ந்தபோது உச்சி வேளை. ஆண் குழந்தை உயிரோடு பிறந்தது. அவளுக்கு வண்டியிலேயே உதிரம் நிறையப் போயிருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னாராம் நர்ஸ். மழையில் பஸ் வரவில்லை. மறுநாள் அவளை வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்தார்கள். அந்த வாரமே போய்விட்டாள்.

இந்த விவரமெல்லாம் முன்சீப் பின்னால் சொன்னது; அவள் போனதே எனக்கு ஆள் வந்து சொல்லித் தெரியவில்லை. வருஷக் கடைசியில் முன்சீப்புகளின் பதிவு ஆபீசுக்கு வந்தபோது தெரிந்தது. ரோட்டு ஊரின் பிறப்பில் ஓர் ஆண் குழந்தை, தாய் பெயர் மல்லிகா. ஏரி ஊரின் இறப்பில் மல்லிகா. முறைப்படி ரோட்டு ஊருக்கு ஒன்றைக் கூட்டினேன். முறைப்படி ஏரி ஊருக்கு ஒன்றைக் கழித்தேன். அந்த ஊர் இன்னும் கொஞ்சம் சுருங்கியது.

அன்று சாயங்காலமே போனேன். என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. அஞ்சலை குழந்தையை மடியில் போட்டுப் பாலாடையில் பால் புகட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து எழுந்திருக்கவும் இல்லை, திட்டவும் இல்லை.

"இவன உன் கணக்குல எந்த ஊருல வெச்சிகீற தம்பி?"

"ரோட்டு ஊருலம்மா. அங்க பொறந்தான்ல."

"சர்தான். அப்போ அந்த ஊருக்காரங்கள வந்து பால் ஊத்தச் சொல்லு."

நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிள்ளைகளே, அனுபவத்தில் நான் கற்றது இவ்வளவுதான். ஓர் ஊருக்குத் தொகை குறைவாக வந்தால், அங்கே ஆள் இல்லையா, அல்லது ஆள் அங்கேயே பிறந்து பதிவாக வழி இல்லையா என்று முதலில் பாருங்கள். நேரில் போய், எத்தனை பேர் சாப்பிடுகிறீர்கள் என்று கேளுங்கள். கேட்டு எழுதினால் மேலே ஒத்துக்கொள்வார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் கணக்கை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஆள் குறைந்த ஊர் என்று நீங்கள் எழுதி அனுப்புகிற இடத்தில் பிள்ளைகள் சைக்கிள் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள் என்பதாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டு எழுதுவது கஷ்டம். அந்தக் கஷ்டம் உங்களுக்கு வரட்டும்.