எண்ணூற்று எண்பது மீட்டர்

எங்கள் வீட்டில் ஓடத் தெரிந்தவர் அண்ணி ஒருவர்தான். மற்ற இருவரும், அதாவது என் அண்ணனும் அவன் தங்கையான நானும், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் தண்ணீரைக்கூட யாராவது எடுத்துத் தர மாட்டார்களா என்று பார்க்கிற ரகம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததற்கு இந்தச் சோம்பேறித்தனமும் ஒரு காரணம்.

அண்ணிக்கு நாற்பத்து நான்கு வயது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பிரிவில் வேலை. வார்டுகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைப் பிரித்துப் போட்டு, துவைத்து உலர்ந்து வந்ததும் மடித்து அடுக்க வேண்டும். எதிரெதிரே இரண்டு பேர் நின்று முனைகளைப் பிடித்து மடிப்பார்கள். அண்ணி முனை பிடித்தால் இம்மி பிசகாது. எட்டு மணி நேரம் நின்றபடியே இந்த வேலையைச் செய்துவிட்டு வந்து, எங்கள் இருவருக்கும் சமைத்தும் போட்டார். நாங்களும் வெட்கமில்லாமல் சாப்பிட்டோம்.

அவரை ஓட வைத்தது ஒரு பஸ். ஏழே முக்கால் பஸ்ஸின் டிரைவர் எங்கள் நிறுத்தத்தில் நிற்பதுபோல் போக்குக் காட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார். ஒருநாள் அண்ணிக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. சாப்பாட்டுப் பையும் கையுமாகப் பின்னாலேயே ஓடினார். சிக்னலில் பஸ் மாட்டிக்கொண்டது. அடுத்த நிறுத்தத்துக்கு அண்ணிதான் முதலில் போய்ச் சேர்ந்தார். ஏறும்போது டிரைவர், "என்னம்மா, எக்ஸ்பிரஸ்ஸா?" என்று கேட்க, பஸ்ஸே சிரித்தது. அன்றிலிருந்து அவர் பெயர் எக்ஸ்பிரஸ். கேலிக்கு வைத்த பெயர் அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. வேண்டுமென்றே எங்கள் நிறுத்தத்தை விட்டுவிட்டு அடுத்ததுக்கு ஓடுவார். அப்புறம் அதற்கும் அடுத்ததுக்கு.

அதே பஸ்ஸில் வரும் ஆஸ்பத்திரி பிசியோதெரபிஸ்ட் இதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். "எட்டு மாசத்துல இங்க ஒரு ஓட்டம் நடத்தறாங்கம்மா. இருபத்தொரு கிலோமீட்டர், மூணு மணி நேரத்துக்குள்ள முடிக்கணும். பேர் குடுத்துடுங்க" என்றார். அண்ணி கொடுத்துவிட்டார்.

அன்று சாப்பிடும்போது எங்களிடம் சொன்னார். அண்ணன் சிரித்தான். "இந்த வயசுல மெடல் வாங்கி எங்க மாட்டப் போற?"

அண்ணி தட்டைப் பார்த்தபடியே பேசினார். "பத்தாவது பரீட்சைக்கு முன்னாடி என்னை ஸ்கூல்லேர்ந்து நிறுத்திட்டாங்க. தையல் கிளாஸ் பாதியில நின்னுச்சு. பின்ன ஆரம்பிச்ச ஸ்வெட்டர்கூட ஒத்தைக் கையோட அலமாரியில கிடக்கு. முடிச்சேன்னு சொல்லிக்க எனக்கு ஏதாவது ஒண்ணு வேணுங்க."

அண்ணன் சிரிப்பை நிறுத்தினான். அவனும் கல்நெஞ்சக்காரன் அல்ல.

அண்ணனின் வேலையைச் சொல்லியாக வேண்டும். குடிநீர்க் குழாய் பதிக்கும் துறையில் அளவெடுப்பவன். நீளமான கைப்பிடியின் நுனியில் ஒரு சக்கரம் இருக்கும். அதைத் தரையில் உருட்டிக்கொண்டே நடந்தால், பக்கத்தில் இருக்கும் சின்னப் பெட்டியில் மீட்டர் எண் ஓடும். அந்தச் சக்கரத்தை வீட்டுக்கே கொண்டுவந்து குளியலறைக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைப்பான். வேலையில் மகா கறார். குழாய் அரை மீட்டர் குறைந்தாலும் தோண்டிக் காட்டு என்று ஒப்பந்தக்காரரை நிற்க வைத்துவிடுவான். "அளவுன்னா அளவுதான்" என்பது அவன் வாயில் தினமும் வரும் வசனம்.

ஆகவே அண்ணி அவனிடமே கேட்டார். "ஊருக்கெல்லாம் அளந்து குடுக்கறீங்க. நான் ஓடற பாதையையும் அளந்து, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு குறி போட்டுக் குடுங்களேன்."

அண்ணி வேலைக்குப் போயிருந்த ஒரு மதியம், அண்ணன் சக்கரத்தை எடுத்துக்கொண்டான். என்னையும் கூப்பிட்டான். நான் மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். மாத்திரை உறைகளில் காலை ஒன்று, இரவு ஒன்று என்று எழுதி எழுதி என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அண்ணனுடையது கோழிக் கிறுக்கல். அதனால் பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷும் என் கையில்.

எங்கள் வீட்டு கேட்டிலிருந்து கால்வாய் ஓரமாக ஒரு பாதை போகிறது. அதில் உருட்டிக்கொண்டு போனான். பெட்டியில் எண்ணூற்று எண்பது வந்ததும் நின்றுவிட்டான். "இங்க ஒண்ணு போடு."

"அண்ணா, இன்னும் ஆயிரம் ஆகலையே?"

"ஆயிரம் ஆயிரமா ஓடிட்டு எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவா? நீயும் நானும் டீக்குக் காத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கணும். அவளுக்கு எண்ணிக்கைதானே வேணும்? எண்ணிக்கை இருக்கும்."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது. சிரித்துவிட்டு, பாதையோரக் கல்லில் ஒன்று என்று எழுதினேன். அப்படியே இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவது குறி பழைய ஆலைச் சுவரருகே வந்தது. நியாயமாக அது இன்னும் அறுநூறு மீட்டர் தள்ளி, தண்ணீர் ஏற்றும் நிலையத்தின் வாசலில் இருந்திருக்க வேண்டும்.

"நான்தான் அளந்து எழுதினேன்" என்று அண்ணன் அண்ணியிடம் சொன்னான். அண்ணி அன்று முகமெல்லாம் சிரிப்பாக இருந்தார்.

தினமும் விடிகாலை ஐந்துக்குக் கிளம்புவார். ஐந்தாம் குறி வரை போய்த் திரும்பினால் பத்து. கையில் கடிகாரம் கட்டினால் வியர்வையில் அரிக்கிறது என்று கழற்றி வைத்துவிடுவார். கேட்டருகே நின்று நேரம் பார்த்துச் சொல்வது என் வேலை. முதல் மாதம் நூறு நிமிடங்களுக்கு மேல் ஆனது. நகம் கறுத்து விழுந்தது. மழையில் வழுக்கி முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார். மறுநாளும் போனார். ஐந்தாவது மாதம் நான், "அண்ணி, எண்பது நிமிஷம்!" என்று கத்தினேன். குறிக்கு எட்டு நிமிடம். அவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

ஓட்டம் அவரை மாற்றியது கண்கூடு. சலவைப் பிரிவில் இரண்டு பேரை எடுத்துவிட்டு அதே வேலையை மீதிப் பேர் தலையில் கட்டினார்கள். முன்பென்றால் அண்ணி வாயைத் திறந்திருக்க மாட்டார். இந்த முறை மேற்பார்வையாளர் முன்னால் போய் நின்று, "நாலு பேரால இது முடியாது சார். ஆள் போடுங்க, இல்லேன்னா விரிப்பு தாமதமாத்தான் வரும்" என்றார். ஒரு ஆள் போட்டார்கள். "மூச்சு வாங்கினா நின்னுடணும்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். வாங்கட்டும்னு விட்டுட்டு ஓடிக்கிட்டே இருந்தா அது தானா அடங்குது" என்று என்னிடம் சொன்னார்.

போட்டிக்கு ஒரு மாதம் முன்பு, ஐந்தாம் குறி வரை இரண்டு தடவை போய் வந்து, இருபது குறிகளை இரண்டு மணி நாற்பது நிமிடத்தில் முடித்தார். "இன்னும் இருபது நிமிஷம் மிச்சம்! மீதி ஒண்ணை நடந்தே போயிடலாம்!" என்று குதித்தார். அவர் ஓடியது உண்மையில் பதினேழரை கிலோமீட்டர்தான். அண்ணனைத் தனியாகப் பிடித்து, "சொல்லிடலாம் அண்ணா" என்றேன்.

"இப்பப் போய்ச் சொன்னா மனசு விட்டுடுவா. கூட்டத்தோட ஓடும்போது வேகம் தானா வரும்" என்றான்.

அந்த ஒரு மாதத்தில் சொல்லியிருந்தால் அவர் வேகத்தைக் கூட்டியிருப்பார். கூட்ட முடிந்தவர்தான். எனக்கும் அது தெரியும். இருந்தும் வாயை மூடிக்கொண்டேன். யார் முகம் சுளிப்பதையும் பார்க்கத் தெம்பில்லாத கோழை நான்.

போட்டி ஞாயிற்றுக்கிழமை. முடிவிடத்தில் காற்றடைத்த பெரிய வளைவு ஒன்றை நிறுத்தி, மேலே கடிகாரம் வைத்திருந்தார்கள். அண்ணனும் நானும் தண்ணீர் பாட்டிலோடு நின்றோம். இரண்டு மணி ஐம்பது ஆயிற்று. அண்ணியைக் காணோம். ஐம்பத்தைந்து. அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. மூன்று மணி ஆனதும் ஒரு விசில் ஊதினார்கள். காற்று இயந்திரத்தை நிறுத்த, வளைவு மெல்லத் தொய்ந்து தரையில் விழுந்தது.

அண்ணி மூன்று மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு வந்தார். ஓடித்தான் வந்தார், நடக்கவில்லை. வளைவு நின்ற இடத்தில் இரண்டு பேர் அந்தத் துணியை மடிக்கத் தெரியாமல் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர், "நேரம் முடிஞ்சு போச்சுக்கா. மெடல் பெட்டியெல்லாம் ஏத்திட்டாங்க" என்றார். அண்ணி சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு என்ன தோன்றியதோ, குனிந்து துணியின் ஒரு முனையைப் பிடித்து அவர்களுக்கு மடித்துக் கொடுத்தார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில், "அஞ்சாவது கிலோமீட்டர்ல வச்சிருந்த கடிகாரத்தைப் பார்த்தப்பவே அஞ்சு நிமிஷம் பின்தங்கியிருந்தேன். எப்படின்னே புரியல" என்றார்.

அண்ணன் வண்டியை ஓட்டியபடியே, "வயசாகுதுல்ல. மனசு ஓடினா போதுமா? உடம்பும் ஒத்துழைக்கணுமே" என்றான். இதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. பாதையில் குறைத்தது பத்தாதென்று பழியையும் அவர் உடம்பின் மேலேயே போட்டான். பின்சீட்டில் நான் ஊமையாக உட்கார்ந்திருந்தேன்.

புதன்கிழமை பிசியோதெரபிஸ்ட், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஆன நேரத்தைப் போட்டி நடத்தியவர்கள் அச்சிட்டிருந்த காகிதத்தை அண்ணியிடம் காட்டியிருக்கிறார். "முதல் கிலோமீட்டர் ஒம்பது நிமிஷம். கடைசியும் ஒம்பது. நீங்க களைச்சுப்போகவே இல்லம்மா. வீட்டுல எட்டுல ஓடினேன்னு சொல்றீங்க. அந்தப் பாதையை யார் அளந்தது?"

வியாழன் விடிகாலை குளியலறைக் கதவுக்குப் பின்னால் சக்கரம் இல்லை.

அண்ணி திரும்பி வந்தபோது நாங்கள் சமையலறையில் இருந்தோம். சக்கரத்தை அண்ணன் முன்னால் நிறுத்தினார். பெட்டியில் எண்ணூற்று எண்பது என்று இருந்தது.

"ஊர்ல ஒரு குழாய் அரை மீட்டர் குறைஞ்சா விட மாட்டீங்க. எனக்கு மட்டும் ஏங்க குறைச்சீங்க?"

"உனக்குக் கால் வலிக்குமேன்னுதான்... எல்லாம் உன் நல்லதுக்குத்தான்..." என்று அண்ணன் சப்பைக்கட்டு கட்டினான்.

"அப்ப வண்டியில வரும்போது வயசாயிடுச்சுன்னு சொன்னீங்களே, அதுவும் என் நல்லதுக்கா? நாலு நாளா என் காலை நானே திட்டிக்கிட்டு இருந்தேன். என் கால் என்னங்க பாவம் பண்ணுச்சு?"

நான் அடுப்பருகே நின்றேன். அப்போதாவது, நானும்தான் அண்ணி, என்று சொல்லியிருக்கலாம். பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணி என்னைக் கூப்பிட்டார். "வா, புதுசாக் குறி போட்டுட்டு வரலாம்." அவரே சக்கரத்தை உருட்டினார். பெயிண்ட் டப்பா மறுபடியும் என் கையில். பழைய குறியைத் தாண்டி, ஆயிரம் வந்த இடத்தில் நின்று, "எழுது" என்பார். எழுதுவேன். பழைய நான்காவது குறி வந்தபோது அண்ணி நின்று, அந்தக் கல்லைக் கையால் தொட்டார்.

"நாலோட வாலை இப்படி மேல வளைச்சு விடறது நீ மட்டும்தான். இவர்தான் எழுதினேன்னு சொன்னாரு. ஆனா முதல் நாளே எனக்குத் தெரியும், இது உன் எழுத்துன்னு. ஓடும்போது கால் கெஞ்சும். இந்த நம்பரைப் பார்த்தா நீ கூட நிக்கற மாதிரி இருக்கும். அடுத்ததுக்குப் போவேன்."

நான் பிரஷ்ஷை டப்பாவின் விளிம்பில் வழித்துக்கொண்டே இருந்தேன்.

"வியாழக்கிழமை அவரைக் கேட்டப்போ நீயும் அங்கதான் நின்னே. இன்னைக்குச் சொல்லுவே, நாளைக்குச் சொல்லுவேன்னு மூணு நாள் பார்த்தேன். கல்லு கல்லா வர்றோம், இப்பவும் நீ சொல்லல."

அழுதேன். மன்னிப்புக் கேட்டேன். "சரி, அழாதே" என்று டப்பாவை வாங்கிக்கொண்டார். புது நான்கையும் ஐந்தையும் அவரே எழுதினார். அவை கோணல்மாணலாக இருக்கின்றன, ஆனால் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன.

அடுத்த வருடம் அண்ணி அதே போட்டியை இரண்டு மணி ஐம்பத்து நான்கு நிமிடத்தில் முடித்தார். மெடல் வீட்டுக்கு வரவில்லை. சலவைப் பிரிவில், விரிப்பு மடிக்கும் மேசைக்கு மேலே ஒரு ஆணியில் தொங்குகிறது. அண்ணன் இப்போது தன் டீயைத் தானே போட்டுக் குடிக்கிறான்.

அண்ணி என்னிடம் பழையபடிதான் பேசுகிறார். ஒரு குறையும் சொல்ல முடியாது. விடிகாலையில் நானும் பழையபடி கேட்டருகே நிற்கிறேன். நேற்றுகூட அவர் ஓடி வந்து நின்றதும், "எழுபத்தெட்டு நிமிஷம் அண்ணி" என்றேன். "சரிம்மா" என்று சிரித்தார். சிரித்துவிட்டு, போன வருடத்திலிருந்து கையில் கட்டிக்கொண்டு ஓடும் கடிகாரத்தைத் திருப்பி நேரம் பார்த்துக்கொண்டார்.